கொடைக்கானல் ஏரிப் பகுதியில் வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழனி மலையின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நான் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மதுரை, திண்டுக்கல், சென்னை ஆகிய ஊர்களிலிருந்து ஏரிக்கருகில் வீடு தேடி வரும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மலையில் வீடு வாங்குபவர் முதலில் வாங்குவது சரிவையும் தண்ணீரையும்தான், சுவரும் கூரையும் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம். விடைகள் அனைத்தும் அந்த எண்ணத்திலிருந்தே எழுதப்பட்டவை.

ஏரி தெரியும் வீடாகவே வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. அன்றைய மதுரை ஆட்சியர் வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டி உருவாக்கியது. சுற்றிலும் உள்ள மேடுகளின் நீரெல்லாம் வந்து சேரும் பள்ளத்தில் அமைந்திருப்பதால், இரவில் குளிர்ந்த காற்றும் அதே பள்ளத்தில்தான் இறங்கித் தங்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏரியோரத்துப் புல்வெளி விடியற்காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, கால் மணி நேரம் ஏறிச் சென்றால் வரும் மேட்டு வீட்டு முற்றத்தில் பனித்துளி மட்டுமே இருக்கும். குளிரும் ஈரமும் ஏரிக்கு மிக அருகில்தான் மிகுதி. அதோடு, சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிச்சாலை முழுவதும் சித்திரை, வைகாசியில் வாகனங்களால் அடைபட்டுவிடும்.

ஏரியிலிருந்து ஒன்றிரண்டு வளைவு மேலேறி, கிழக்கு வெயில் விழும் சரிவில் இருக்கும் வீட்டையே நான் பரிந்துரைப்பேன். மலையில் வெயில் ஒரு சொத்து. காலை வெயில் படாத வீட்டில் துணி காய நான்கு நாள் ஆகும், சுவர் காய ஒரு மாதமும் போதாது. ஏரி தெரிகிறது என்பதற்காகக் கூடுதல் விலை சொல்லப்படும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: உங்களுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் காலி மனை வேறொருவருடையது. அங்கே மரம் வளரலாம், வீடு எழும்பலாம். அந்தக் காட்சியை எந்தக் கிரயப் பத்திரமும் உங்களுக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

வீட்டை எந்த மாதத்தில் வந்து பார்ப்பது நல்லது?

பெரும்பாலானோர் மே மாதத்தில் வந்து, கீழே நாற்பது டிகிரியில் வெந்த உடல் குளிர்ந்த மகிழ்ச்சியில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மே மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். கொடைக்கானலுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடும் மழை பெய்வது அக்டோபர், நவம்பர் மாதங்களில். அந்த மாதங்களில், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், வீட்டைப் பார்க்க வாருங்கள் என்று அனைவரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் சித்தப்பா மகனுக்காக ஒரு வீட்டை மே மாதத்தில் போய்ப் பார்த்தோம். புதிதாக வெள்ளையடித்து, மரத்தரையெல்லாம் மெருகேற்றி வைத்திருந்தார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி நவம்பரில் மறுபடியும் அழைத்துச் சென்றேன். படுக்கையறையில் மலையை ஒட்டிய சுவரோரம் ஒரு மர அலமாரி இருந்தது. அதை இருவர் பிடித்து ஒரு முழம் நகர்த்தினோம். பின்னால் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு அப்பளம் போலப் பொங்கி நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்து விழுந்தது. உள்ளே கருங்கல் நனைந்து பளபளத்தது. அலமாரியின் பின்பலகையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்த வீட்டின் பின்சுவரே மலைமண்ணைத் தாங்கும் சுவராகவும் இருந்ததுதான் காரணம். மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஒரு வடிகால் விட்டிருந்தால் அந்த ஓதம் வந்திருக்காது.

ஆகவே வீட்டைப் பார்க்கும்போது அலமாரி, கட்டில், மாட்டியிருக்கும் படங்கள் ஆகியவற்றை நகர்த்திப் பார்க்கத் தயங்காதீர்கள். உரிமையாளர் சங்கடப்படுவார் என்றால், அந்தச் சங்கடமே ஒரு விடை.

பத்து சென்ட் மனை என்கிறார்கள். சமவெளியில் பத்து சென்ட் போன்றதுதானா?

அல்ல. ஒரு சென்ட் என்பது எங்கும் 435.6 சதுர அடிதான். ஆனால் புல வரைபடத்தில் காட்டப்படும் பரப்பு, சரிவை மேலிருந்து பார்த்துத் தட்டையாக்கி அளந்த பரப்பு. பத்து சென்ட் சரிவில் படி வெட்டிச் சமன் செய்தால் வீடு கட்டவும் நடமாடவும் கிடைப்பது சில சமயம் நான்கு சென்ட்கூடத் தேறாது. எஞ்சியது தாங்கு சுவருக்கும் வடிகாலுக்கும் படிக்கட்டுக்கும் போய்விடும். சென்ட் கணக்கில் விலை பேசுவதற்கு முன் நில அளவையாளரை வைத்து எல்லைக்கல் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, சமதளமாக எவ்வளவு இருக்கிறது என்று தனியே அளந்துகொள்ளுங்கள். எல்லைக்கல் புதரில் மறைந்திருக்கிறது என்று சொன்னால் புதரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சரிவும் தாங்கு சுவரும் உறுதியாக இருக்கின்றனவா என்று சாதாரண மனிதர் எப்படி அறிவது?

ஓரளவு கண்ணாலேயே அறியலாம். இங்கே ரிவிட்மெண்ட் என்று சொல்லப்படும் கருங்கல் தாங்கு சுவரில், மண்ணுக்குள் இறங்கும் நீர் வெளியேறுவதற்காக வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மழை நாளில் அந்தத் துளைகளில் நீர் வடிந்துகொண்டிருந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். துளையே இல்லாத சுவரையும், அழகுக்காகச் சிமெண்டு பூசித் துளைகளை அடைத்துவிட்ட சுவரையும் கண்டால் விலகுங்கள். சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணின் எடை மட்டுமல்ல, வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமும்தான். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, தரைக்கும் சுவருக்கும் இடையே வெடிப்பு ஓடுகிறதா, மேலே நிற்கும் மரங்களின் அடிப்பகுதி வில் போல் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மண் மெதுவாக நகரும் சரிவில் மரங்கள் அப்படித்தான் வளைந்து நிமிரும்.

மேல் மனைக்காரர் தன் நிலத்தில் என்ன செய்திருக்கிறார் என்பதையும் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் சோலையை அழித்துச் சமன் செய்து, அந்த மழைநீரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் உங்கள் சுவர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரை, முடிந்தால் மண்ணியல் அறிந்தவரை, ஒரு நாள் அழைத்துவந்து காட்டுவதற்கு ஆகும் கட்டணம் வீட்டின் விலையில் ஒரு துளிதான்.

ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது தண்ணீர்ப் பஞ்சம் வருமா?

வரும். ஏரி குடிநீருக்கானது அன்று. நகரத்துக்கான குடிநீர் வான் ஆய்வகப் பகுதியில் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்தும் மனோரஞ்சிதம் அணையிலிருந்தும் வருகிறது. மார்ச் முதல் மே வரை, நகரில் ஆட்கள் பலமடங்கு பெருகும் அதே நேரத்தில், நீர்மட்டம் இறங்கும். குழாய் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. சென்ற ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது, எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினீர்கள் என்று அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். மலைப்பகுதியில் அதற்கும், மண் அள்ளும் எந்திரங்களைக் கொண்டுவருவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. பெரிய மழைநீர்த் தொட்டி உள்ள வீட்டுக்கு நான் சில லட்சம் கூடுதலாகவே மதிப்புப் போடுவேன்.

ஊற்று நீர் வருகிறது என்று சொல்லப்படும் மனைகளில், அந்த ஊற்று யாருடைய நிலத்தில் பிறக்கிறது, குழாய் யார் யார் நிலத்தின் வழியே வருகிறது, அந்த உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பவற்றை வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செயின்ட் மேரிஸ் சாலைப் பக்கம் வாங்குவோர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் நிலத்தில் பாதரசம் கலந்த மண் இருந்ததால், கிணற்று நீரையும் மண்ணையும் பாதரசத்துக்காக ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

கழிவுநீர் எங்கே போகிறது என்பது வாங்குபவரின் கவலையா?

முதல் கவலையாக இருக்க வேண்டும் என்பேன். ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் எந்த வீட்டிலிருந்து வெளியேறும் நீரும், தடுக்கப்படாவிட்டால், ஓடை வழியாக ஏரிக்குத்தான் போகும். ஏரி நிரம்பி வழியும் நீர் மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக விழுந்து கீழே இறங்குகிறது. நாம் கழுவி ஊற்றுவதை நம் குழந்தைகள் படகில் அமர்ந்து கையால் அளைகிறார்கள், மலைக்குக் கீழே இருப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

கழிவுத் தொட்டி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஒரு சிறு பாட்டிலைக் கழிப்பறையில் ஊற்றி, மூன்று நான்கு வாளித் தண்ணீர் விடுங்கள். பிறகு ஒருவர் வீட்டுக்குக் கீழே உள்ள ஓடையோரம் போய் அரை மணி நேரம் நிற்கட்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் ஏழாவது நிமிடத்தில் பெரணிச் செடிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய குழாய் நீலமாக ஒழுகத் தொடங்கியது. தொட்டி இருந்தது உண்மைதான். ஆனால் அது எப்போதோ நிரம்பியதும், யாரோ பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஓடைக்குக் குழாய் விட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கே அது தெரியாது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

தொட்டியைச் சுத்தம் செய்யும் லாரி அருகில் வரப் பாதை உண்டா என்பதையும் பாருங்கள். லாரிக் குழாய் எட்டாத இடத்தில் தொட்டி இருந்தால் அது சுத்தம் செய்யப்படப் போவதில்லை. சமையலறை, குளியலறை நீரைத் தனியே பிரித்து, கல்வாழை நட்ட மணல் பாத்தியில் விட்டுத் தோட்டத்துக்குப் பயன்படுத்தும் சில வீடுகள் இங்கே இருக்கின்றன. அப்படி ஒரு வீடு கிடைத்தால், அதை இதுவரை வைத்திருந்தவர் மற்ற விஷயங்களிலும் பொறுப்பானவராக இருந்திருப்பார் என்று ஓரளவு நம்பலாம்.

என்னென்ன ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சியாகப் பத்திரங்கள், குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், ஊராட்சியில் இருந்தால் சிட்டாவும், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டின் நகலும் புல வரைபடமும், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மலையூர்களில் வெளியூர் உரிமையாளர்கள் மிகுதி என்பதால் பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை நடப்பது வழக்கம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அந்தப் பவர் ரத்து செய்யப்பட்டிருக்கிறதா என்று நேரடியாக உறுதிப்படுத்திக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்; வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகள் பிறகு ஒப்புக்கொள்வாள் என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

அ-பதிவேட்டைப் பார்க்கும்போது ஒரு கணம் நிதானியுங்கள். பழனி மலையில் பஞ்சமி நிலங்களும், நிபந்தனைப் பட்டா நிலங்களும், பூமிதான நிலங்களும், வனத்தையொட்டிய புறம்போக்குகளும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. பலமுறை கைமாறி, மேலே வீடே கட்டப்பட்டிருந்தாலும் அடிப்படை மாறாது. விலை மிகக் குறைவாக இருக்கிறது என்பதற்காக அத்தகைய நிலத்தை வாங்குவது சட்டப்படி ஆபத்து என்பதைவிட, ஏழைக் குடும்பம் ஒன்றுக்குரியதை எடுத்துக்கொள்வது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறக்கட்டளை அல்லது திருச்சபை வசம் இருந்த பழைய சொத்துகளில், விற்றவருக்கு விற்கும் அதிகாரம் இருந்ததா என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கட்டட அனுமதியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஏனெனில் கட்டியவர் செய்த மீறல் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடுகிறது. கொடைக்கானலுக்கு 1993-ல் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. எந்தப் பகுதி குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது விவசாயத்துக்கு என்று அது வகுத்திருக்கிறது. அதற்கு வெளியே அறிவிக்கை செய்யப்பட்ட மலைக் கிராமங்களில், 1990-ல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும், வனம், வேளாண் பொறியியல், புவியியல் உள்ளிட்ட துறைகளின் தடையின்மைச் சான்றுகளும் தேவைப்படும். ஆகவே மனை நகராட்சிக்குள்ளா, வில்பட்டி போன்ற ஊராட்சியிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர்’ என்ற விளம்பரம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

விதிமீறலுக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. 1990-களில் விதியை மீறி ஏழு அடுக்காக எழுப்பப்பட்ட ஒரு விடுதிக்கு அரசு அளித்த விலக்கை எதிர்த்து, 1985-ல் தொடங்கப்பட்ட பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்தது. 1995-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விலக்கு செல்லாது என்று முடிந்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவை அடுத்து, அனுமதியின்றியும் அனுமதியை மீறியும் கட்டப்பட்ட பல கட்டடங்கள் நகரில் முத்திரையிடப்பட்டன. அப்போது கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களில் கட்டியவர்கள் மட்டுமல்லாமல், அவர்களிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறை அறையாக நாடாப் பிடித்து அளந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி, கண்ணாடி அடைத்த தாழ்வாரம், சரிவுக்குள் தோண்டிய கீழறை ஆகியவை எவை எவை என்று குறித்துக்கொண்டு, அவற்றை வரன்முறைப்படுத்த முடியுமா என்று நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். வெறும் மனை வாங்குவோர், அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 அக்டோபர் முதல் தடை இருப்பதையும், மலைப்பகுதி மனைகளை வரன்முறைப்படுத்தத் தனி விதிகள் இருப்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். புதிய குடியிருப்புத் திட்டமாக இருந்து, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் மனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

பழைய வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா கிடைத்தால் வாங்கலாமா?

1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதிலிருந்து தொடங்கும் மரபு அது. தடித்த கருங்கல் சுவர், கணப்பு, சரிந்த கூரை என்று அந்தப் பழைய கொத்தனார்கள் இந்த மழைக்கும் குளிருக்கும் ஏற்றபடியே கட்டினார்கள். பழைய வீட்டின் மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குப் பிற்காலத்தில் சிமெண்டு பூசியிருந்தால், சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார்கள் மிகச் சிலரே. மேற்கூரை மரச்சட்டங்களில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை தடையில்லாமல் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. கணப்பில் நெருப்பு மூட்டி, புகை புகைபோக்கி வழியே போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். செங்கல்லும் சிமெண்டும் மணலும் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருகின்றன என்பதையும், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தலைச்சுமைக் கூலி தனி என்பதையும் சேர்த்துப் பழுதுபார்ப்புச் செலவைக் கணக்கிடுங்கள்.

பாதை உரிமையும் இத்தகைய வீடுகளில் சிக்கலானது. அந்தக் காலத்தில் ஒரே பங்களாவாக இருந்து பின்னர் பாகம் பிரிக்கப்பட்ட மனைகளில், பொதுப்பாதை யார் பெயரில் இருக்கிறது என்று கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

மனையில் உள்ள மரங்களை வெட்டலாமா?

விருப்பம் போல் வெட்ட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளையும் மின்கம்பிகளையும் துண்டித்தன. கூரைக்கு மேல் சாயும் உயரமான தைலமரம் இருந்தால், அதற்கான அனுமதியை விற்பவரே பெற்று அகற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோலை மரமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் சரிவைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்? வங்கிக் கடன் கிடைக்குமா?

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என, அரசு வழிகாட்டி மதிப்பு அல்லது கிரயத் தொகை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கிட வேண்டும். விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் இந்தப் பிடித்தம் வேறு, கூடுதல் விகிதத்தில் இருக்கும். முன்பணம் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. வங்கி மறுத்த வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கலாம் என்று தோன்றும்போது, வங்கியின் வழக்கறிஞர் ஏன் மறுத்தார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் வாங்கலாமா?

இந்தியக் குடியுரிமை உடையவர்களும், வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்பவர்களும் குடியிருப்பு வீட்டை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை அவர்கள் கிரயம் பெற முடியாது. இங்கே ‘காட்டேஜ்’ என்று காட்டப்படும் பல வீடுகள் ஆவணத்தில் காப்பித் தோட்டத்தின் அல்லது காய்கறி நிலத்தின் மேல் இருப்பவை என்பதால், நிலத்தின் வகைப்பாட்டை முன்னதாகப் பார்ப்பது அவர்களுக்கு இருமடங்கு அவசியம்.

நாங்கள் வராத நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?

குடியிருப்பு அனுமதி பெற்ற வீட்டை விடுதியாக நடத்துவது முறையன்று. உரிய பதிவும் உரிமமும் வணிக மின்கட்டணமும் இல்லாமல் நடத்தியவர்கள் நடவடிக்கைக்கு உள்ளானார்கள். மேலும் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது; 2025 ஏப்ரல் முதல் நீதிமன்றம் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகனங்களுக்கு வரம்பும் வைத்தது. ‘வாடகையிலேயே கடன் அடைந்துவிடும்’ என்று தரகர் போட்டுக் காட்டும் கணக்கில் இவை எதுவும் இருக்காது. இந்த வரம்புகளை நான் வரவேற்கிறேன். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிய வண்டி ஏரிச்சாலையில் நகர முடியாமல் நின்றதைக் கண்ட எவரும் வரவேற்பார்கள்.

வயதான பெற்றோரை இங்கே குடியமர்த்தலாமா?

யோசித்துச் செய்யுங்கள். நகரில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் இதயம், மூளை தொடர்பான பெரிய சிகிச்சைக்குத் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். மதுரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைச்சாலை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு வீட்டுக்கும் சாலைக்கும் இடையே உள்ள படிகளின் எண்ணிக்கையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எரிவாயு உருளையை எவ்வளவு தூரம் தூக்கி வரவேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதே தூரம்தான் நோயாளியையும் தூக்கிச் செல்ல வேண்டும்.

காட்டெருமைகள் வீட்டுக்கே வருகின்றனவாமே?

வருகின்றன. கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. காடும் ஊரும் இங்கே கைகோத்துக் கிடக்கின்றன. அந்தி நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்து இறங்குவதும், காய்கறிக் கழிவை வெளியே கொட்டாமல் இருப்பதும் பழகிவிடும். அவற்றின் வழக்கமான தடத்தின் குறுக்கே முள்வேலி போட்டால் வேலிதான் உடையும். எந்த வழியாக வந்து போகின்றன என்று வாங்கும் முன்பே பக்கத்து வீட்டாரைக் கேட்டு, அந்த வழியைத் திறந்து விடுங்கள்.

ஆண்டில் பத்து மாதம் வீட்டைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும்?

சமவெளியில் பூட்டிய வீட்டில் தூசி படியும். இங்கே பூஞ்சணம் படியும். மெத்தை, தலையணை, புத்தகம், தோல் செருப்பு ஆகியவை ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போகும். வாரத்துக்கு இரண்டு முறை சன்னல்களைத் திறந்து, கணப்பில் விறகிட்டு, கூரைக் கால்வாயில் அடைந்த இலைகளை அள்ளிப்போட ஓர் ஆள் வேண்டும். அந்தப் பணியை அக்கம்பக்கத்திலேயே வாழும் குடும்பத்துக்குக் கொடுத்து, மாதச் சம்பளமாகக் கணக்கோடு கொடுங்கள். சாவி அவர்களிடம் இருக்கட்டும். நவம்பர் மழைக்கு முன், ஐப்பசி தொடங்கும்போதே, ஒருமுறை நீங்களே வந்து தாங்கு சுவரின் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்தி, அடைத்திருக்கும் மண்ணையும் வேரையும் எடுத்துவிட்டுப் போங்கள்.